பாட்டில் காத்த நினைவு
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆட்சியாளரின் ஒடுக்குமுறைக்கு ஆளான மக்கள் தம் நினைவுகளை அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு கொண்டு சேர்த்தனர் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகிறோம்.

1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கைப்பற்றிய கும்பினியார் அதனைத் தரைமட்டமாக்கினர். அத்துடன் அமையாது, அவ்வூரின் பெயரையே ஆவணங்களிலிருந்து நீக்கவும் ஆணையிட்டனர். அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் இளம் மைந்தர் துரைச்சாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802இல் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். மக்களிடமிருந்த ஆயுதங்களும் பறிக்கப்பட்டன.

ஆயுதத்தைப் பறித்தவர்களால் பாட்டைப் பறிக்க இயலவில்லை. எழுத்தறியாத மக்கள் கதைப்பாடலாகவும் கும்மியாகவும் அம்மானையாகவும் கூத்தாகவும் அந்நிகழ்ச்சிகளைத் தம் மக்களுக்குக் கையளித்தனர். ஆவணத்தில் அழிக்க முனைந்த பெயர் நாவில் நிலைத்தது. 1959இல் வெளிவந்த திரைப்படம் அதனைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சென்றது. 1974இல் பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டையும் எழுந்தது.

நமக்கு இன்னும் அண்மையில் ஒரு சான்று உண்டு. மதுரைக்கு அடிக்கடி சென்று வரும் நம்மில் எத்தனை பேர் சம்மட்டிபுரத்தில் உள்ள கான்சாகிபின் அடக்கத்தலத்தைக் கண்டிருக்கிறோம்? மருதநாயகம் என்று மக்கள் போற்றும் முகம்மது யூசுப்கான், கும்பினியையும் ஆர்க்காட்டு நவாபையும் எதிர்த்து மதுரைக் கோட்டையில் போரிட்டார். தம்மோடு இருந்தவர்களாலேயே காட்டிக் கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர் கதையும் ‘கான்சாகிபு சண்டை’ என்னும் பாடலாக மக்களிடையே வழங்கியது. பேராசிரியர் நா. வானமாமலை அதனைப் பதிப்பித்தார். 1970களில் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

ஆயினும் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. இதே கான்சாகிபு, அதற்கு முன்னர் கும்பினியின் தளபதியாக நின்று, 1761இல் புலித்தேவரின் கோட்டைகளைக் கைப்பற்றியவர். முன்னதை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை அவரை வெறுக்கும். பின்னதை மட்டும் கேட்கும் பிள்ளை கண்மூடிப் போற்றும். இரண்டையும் சேர்த்துக் கேட்கும் பிள்ளையே அதிகாரத்தின் இயல்பை உணரும். பாட்டு நெஞ்சில் பதிய வைக்கிறது. ஆவணம் அதனைச் சரிபார்க்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்ப்பக்கத்தில் ஒரு முதியவர் காலமானார். இத்தகைய கதைகளை இரவு முழுவதும் பாட்டாகவே சொல்ல வல்லவர். அவர் வாழ்ந்த காலத்தில் ஒருவரும் அமர்ந்து எழுதி வைக்கவில்லை, நாமும்தான். அக்குறையை எண்ணி இன்றும் வருந்துகிறோம்.

ஆகவே மாணவர்களே, இவ்விடுமுறையில் உங்கள் வீட்டு நன்னா, நன்னிமாரிடமும், அண்டை வீட்டுப் பெரியவர்களிடமும் அமர்ந்து கேளுங்கள். அவர்கள் பாடுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். சொல்வதைச் சொன்னவாறே எழுதுங்கள். பிறகு நூலகம் சென்று ஒப்பு நோக்குங்கள். அநீதியை நினைவிற் கொள்வது பகை வளர்ப்பதற்காக அன்று. அதே அநீதியை நாம் எவருக்கும் இழைக்காதிருப்பதற்காகவே.