பால்கனியிலிருந்து ஷெட்டுக்கு
(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



பால்கனியில் இருந்த என் மரப்பட்டறையைத் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு வாடகை ஷெட்டுக்கு மாற்றிவிட்டேன். ஏன் என்று பலர் கேட்டீர்கள்.

மேல்வீட்டு அம்மா ஒருநாள் வந்து, "சார், பிள்ளைக்கு வீசிங். ஜன்னலே திறக்க முடியலை" என்றார். அதுவரை சத்தம்தான் பிரச்சினை என்று நினைத்திருந்தேன். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. மரம் அறுக்கும் மெஷின் 90ஐத் தாண்டும். ஆனால் மெஷினை நிறுத்தினால் சத்தம் நின்றுவிடும், தூசு நிற்காது. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே வெளியிட்டிருக்கிறது.

இடம் தேடுபவர்கள் வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். மின் இணைப்பு வீட்டுக்கானதா, தொழிலுக்கானதா? மெஷின் ஓட்டலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? மழைத் தண்ணீர் உள்ளே வருமா? ஊறிய பலகை வளைந்துவிடும். இந்த மூன்றையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

மாதச் செலவு கூடியிருப்பது உண்மைதான். ஆனால் மேல்வீட்டு ஜன்னல் இப்போது திறந்திருக்கிறது. நாற்காலிக் கால் ஆடினால் ஷெட்டுக்குக் கொண்டு வாருங்கள்.