சாரதி இல்லாத பஸ்ஸும் நின்று ஏற்றாத பஸ்ஸும்

வெள்ளவத்தை உறவுகளே, கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் நண்பர்களே!

சாரதி இல்லாமல் ஓடும் பஸ்ஸைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். காலி வீதியில் சாரதி இருந்தும் இல்லாத மாதிரித்தானே சில பஸ்கள் ஓடுகின்றன என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது!

ஆனால் இது கற்பனை இல்லை. 2016இலேயே சுவிட்சர்லாந்தின் சியோன் நகரத்துப் பழைய தெருக்களில் இரண்டு சிறு மின்சார பஸ்கள் தாமாக ஓடி ஆட்களை ஏற்றின. லேசர் கருவிகள் சுற்றுப்புறத்தை அளந்துகொண்டே இருக்கும். குறுக்கே பிள்ளை வந்தால் பஸ் நின்றுவிடும். மறு ஆண்டு லாஸ் வேகாஸில் இப்படியொரு பஸ் ஓடத் தொடங்கிய முதல் நாளே, பின்னோக்கி வந்த லொறி அதில் மோதியது. பஸ் ஒழுங்காக நின்றது, விலகத்தான் இல்லை. நம் ஆட்டோக்காரர் என்றால் ஹோர்ன் அடித்து, இரண்டு வார்த்தை திட்டி, ஒழுங்கைக்குள் புகுந்திருப்பார்.

இருந்தாலும் அந்த யந்திரத்திடம் நான் பொறாமைப்படும் குணம் ஒன்று உண்டு. அதற்கு வசூல் பசி இல்லை. காலி வீதியில் ஓடும் நம் 100, 101 இலக்க பஸ்களைப் பாருங்கள். வெள்ளவத்தைச் சந்தையடியில் ஆள் சேரும்வரை ஆமையாக ஊரும். பின்னால் அதே இலக்கத்தில் இன்னொன்று தெரிந்ததும் பறக்கும். மரக்கறிப் பையோடு ஒரு அம்மா மிதிபலகையில் ஒரு காலை வைத்திருப்பார். மற்றக் கால் இன்னும் வீதியில். “இஸ்ஸரஹட்ட யன்ன!” (முன்னால் போங்கள்!) என்று நடத்துநர் தகரத்தில் தட்டுவார், பஸ் நகர்ந்துவிடும். சாரதியும் நடத்துநரும் கெட்டவர்களா? இல்லை. அன்றைய வசூலில்தான் அவர்கள் பங்கு இருக்கிறது. பின்னால் வரும் பஸ் அவர்கள் வீட்டுச் சோற்றில் கை வைக்கிறது. 1958இல் பஸ்களை அரசுடைமையாக்கினோம், 1979இல் தனியாருக்குத் திரும்பத் திறந்துவிட்டோம். ஆனால் சம்பளத்தையும் நேரசூசியையும் ஒழுங்குபடுத்த மறந்தோம்.

புதுமைக்கு இந்தக் கொழும்பு நகரத்தில் எப்போதும் பஞ்சமில்லை, அதைத் தக்கவைக்கத்தான் தெரியவில்லை. களனி ஆற்றுப் பக்கம் கிராண்ட்பாஸ் வரை 1899இலேயே மின்சார ட்ராம் ஓடியது. 1960இல் அதை மூடினோம். ட்ரொலி பஸ்ஸும் வந்து போனது. மாலபே இலகு ரயிலுக்கு 2019இல் ஜப்பானிடம் கடன் ஒப்பந்தம் செய்து, 2020இல் கைவிட்டோம்.

அதற்காகச் சாரதி இல்லா பஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. தேசிய வைத்தியசாலை வளாகத்துக்குள் கட்டடத்துக்குக் கட்டடம் நோயாளரைக் கொண்டுபோக விடுங்கள். அங்கே அது பிழைக்கும். ஜம்பட்டா வீதியில் கைவண்டிக்கும் லொறிக்கும் நடுவே விட்டால் காலையில் நின்றது மாலைவரை நின்றபடியே இருக்கும்.

காலி வீதிக்கு வேண்டியது சம்பளம் வாங்கும் சாரதி, நேரத்துக்கு வரும் பஸ், முழுதாக நின்று ஏற்றும் தரிப்பிடம். வழித்தட அனுமதி கொடுக்கும் மேல் மாகாணப் போக்குவரத்து அதிகார சபை இவற்றை நிபந்தனையாக்க வேண்டும். அந்தக் கோரிக்கை மனு, தமிழிலும் சிங்களத்திலும், வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.