நூலக விதியும் இல்லற ஒழுங்கும்

  

'நேரமில்லை' என்பது இக்காலத்தில் எல்லார் வாயிலும் வழங்கும் சொல்லாகிவிட்டது. காலை எட்டு மணிக்கு எந்த இல்லத்தின் வாயிலில் நின்று கேட்டாலும் அச்சொல் கேட்கும். கூடவே வேறொரு சொல்லும் கேட்கும். அது 'எங்கே?' என்பது. வண்டிச் சாவி எங்கே, மின்கட்டண அட்டை எங்கே, பிள்ளையின் கணக்குக் குறிப்பேடு எங்கே, நேற்று வாங்கிய மாத்திரை எங்கே என ஒவ்வொருவரும் கேட்பர். வேலை மிகுதியால் நேரம் போகிறது என்பதே பொதுவான எண்ணம். சற்று நின்று எண்ணினால், செய்யும் வேலைக்கு நிகராகத் தேடும் வேலையும் நேரத்தை உண்பது புலப்படும்.

இந்தத் 'தேடும் நேரம்' என்பதை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த தமிழர் ஒருவர் உண்டு. அவர் சீர்காழியில் 1892 ஆம் ஆண்டில் பிறந்த அரங்கநாதனார். இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படுபவர். நூலகத்திற்கென அவர் வகுத்த விதிகள் இல்லத்திற்கும் எவ்வாறு ஒளி தரும் என்பதே இவ்வுரையின் பொருள்.

கணக்கு ஆசிரியரும் ஐந்து விதிகளும்

அரங்கநாதனார் தொடக்கத்தில் நூலகர் அல்லர், கணிதப் பேராசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்தவர், 1924 ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். வகுப்பறையின் ஆரவாரத்தில் பழகிய அவருக்கு நூலகத்தின் தனிமை கசந்தது. பழைய பணிக்கே திரும்ப விரும்பினார். இங்கிலாந்து சென்று பயின்று வந்த பின்னும் மனம் மாறாவிடில் திரும்பலாம் எனப் பல்கலைக்கழகத்தார் கூறினர். இலண்டனில் பல நூலகங்களைக் கண்டு பயின்ற பின்னர், அவர் ஆசிரியப் பணியை நாடவேயில்லை.

அவர் எழுதிய 'நூலகவியலின் ஐந்து விதிகள்' 1931 இல் வெளிவந்தது. அவ்விதிகளின் சாரம் எளியது. நூல்கள் பயன்பாட்டிற்கு உரியவை என்பது முதல் விதி. வாசகர் ஒவ்வொருவர்க்கும் அவர்க்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வாய்க்க வேண்டும் என்பது மூன்றாவது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது நான்காவது. நூலகம் வளரும் உயிர் போன்றது என்பது ஐந்தாவது. படித்தவுடன் 'இதில் என்ன புதுமை?' என்று தோன்றும். ஆயினும் இவ்வைந்தையும் மெய்யாகவே கடைப்பிடிக்க முனைந்தால் நூலகத்தில் எதுவும் பழையபடி இராது. இல்லத்திலும் அவ்வாறே.

பயனும் பெருக்கமும்

முதல் விதியை விளக்கும்போது அரங்கநாதனார், பண்டை ஐரோப்பிய நூலகங்களில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த வழக்கத்தைக் காட்டுகிறார். நூலைக் காப்பதே அங்கு நோக்கமாயிற்று. படிப்பது இரண்டாம் நிலை ஆயிற்று.

அச்சங்கிலி தமிழர் இல்லங்களில் இல்லை எனச் சொல்ல இயலுமா? திருமணத்திற்கு வந்த எவர்சில்வர் அடுக்குகள் உறை பிரியாமல் பரணில் உறங்குகின்றன. 'விருந்தினர் வந்தால் உதவும்' என எடுத்துவைத்த படுக்கை விரிப்புகள் விருந்தினரைக் காணாமலே மடிப்பில் இற்றுப் போகின்றன. ஓடாத கடிகாரமும், எரியாத அடுப்பும், எதற்கு வாங்கியது என்று நினைவில்லாத மின்கம்பியும் 'இருக்கட்டும்' என்ற ஒரு சொல்லால் காப்பாற்றப்படுகின்றன. அச்சொல்லுக்கு ஒரு விலை உண்டு. பயன்படாத பொருள் ஒவ்வொன்றும் பயன்படும் பொருளின் முன் நின்று அதனை மறைக்கிறது. துடைக்கவும் நகர்த்தவும் ஒருவர் உழைப்பைக் கேட்கிறது. போகிப் பண்டிகையை ஏற்படுத்திய முன்னோர் இதனை அறிந்திருந்தனர். எரிப்பது இன்று நகரத்துக் காற்றுக்குக் கேடு. ஆயினும் கழிக்கும் கருத்தை விட்டுவிட வேண்டியதில்லை. ஒருவர்க்குப் பயன்படாதது வேறொருவர்க்குப் பயன்படக்கூடும். ஒவ்வொரு பொருளுக்கும் உரியவரைச் சேர்ப்பிப்பதே மூன்றாம் விதியின் இல்லற வடிவம்.

இங்கே அரங்கநாதனார் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை நினைக்கலாம். இலண்டனில் செல்ஃபிரிட்ஜஸ் பேரங்காடியில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில தகடுகள், சில சக்கரங்கள், சில திருகாணிகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் பலவகைப் பொறிகள் உருவாயின. அக்காட்சியே அவர் 1933 இல் வெளியிட்ட 'கோலன் பகுப்பு' முறைக்கு வித்தாயிற்று. உலகத்து அறிவுத் துறைகள் அனைத்திற்கும் முன்கூட்டியே எண் எழுதி வைக்காமல், சில அடிப்படைக் கூறுகளைக் கொண்டு வேண்டிய எண்ணை அமைத்துக்கொள்வது அம்முறை. சிலவற்றைக் கொண்டு பலவற்றைச் செய்வதே எளிமை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிக் கருவி என்று அங்காடி அழைக்கிறது. தோசைக்கல்லும் இருப்புச் சட்டியும் குழிக் கரண்டியும் கொண்டு பலநூறு பண்டங்கள் செய்த அடுக்களை, அம்மெக்கானோவைக் காணாமலே அதன் நெறியை அறிந்திருந்தது.

அஞ்சறைப் பெட்டி காட்டும் நெறி

வள்ளுவர் காலமறிதலையும் இடனறிதலையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்தார். அவை அரசர்க்கும் வினைமேற் செல்வார்க்கும் உரியவை. ஆயினும் இடம் தவறினால் காலமும் தவறும் என்னும் உண்மை அடுக்களைக்கும் பொருந்தும்.

அஞ்சறைப் பெட்டியை எண்ணிப் பார்க்கலாம். கடுகு ஒரு விதை. உளுத்தம்பருப்பு ஒரு பயறு. மஞ்சள் ஒரு கிழங்கு. தாவர நூலார் இவற்றை ஓரிடத்தில் வைக்க உடன்படார். தமிழ்ப் பெண்கள் இவற்றை ஒரே பெட்டியில் வைத்தனர். காரணம், எண்ணெய் காய்ந்துவிட்டால் தேடுவதற்கு நேரமில்லை. ஒரே வேளையில் தேவைப்படுபவை ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இனத்தால் அன்றிப் பயனால் வகுத்த வகைப்பாடு அது. பழைய வீட்டின் அமைப்பு முழுவதும் இந்நெறியில் அமைந்தது. நாள்தோறும் ஏற்றும் விளக்குக்குக் கையெட்டும் மாடக்குழி. பூனைக்கு எட்டாமல் பாலுக்கும் வெண்ணெய்க்கும் உறி. ஆண்டுக்கொரு முறை இறக்கும் அண்டா குண்டாக்களுக்குப் பரண்.

அரங்கநாதனாரும் நூலடுக்குகளில் இதனையே வற்புறுத்தினார். ஒரு பொருள் பற்றிய நூல்கள் நடுவிலும், அதனோடு நெருங்கிய உறவுடையவை இருமருங்கிலும், உறவு குறைந்தவை அதற்கப்பாலும் அமைய வேண்டும் என்றார். இன்றைய இல்லத்தில் இதனைச் செய்வது கடினமன்று. வெளியே செல்கையில் வேண்டியவை அனைத்தும் வாயிலருகே ஓரிடம். மருந்துச் சீட்டும் மாத்திரையும் பரிசோதனை முடிவுகளும் ஒரு பெட்டி. குடும்ப அட்டை, வரி ரசீது, பள்ளிச் சான்றிதழ் ஆகியவை ஓர் உறை. விலையுயர்ந்த அலமாரி ஏதும் வேண்டியதில்லை. எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கம் ஒன்றே வேண்டும்.

மூடிய அடுக்கும் திறந்த அடுக்கும்

இவ்வளவும் செய்த பின்னும் ஒரு வினா எஞ்சுகிறது. இல்லத்தில் எது எங்கே இருக்கிறது என்பதை அறிந்தவர் எத்தனை பேர்?

முன்னர்ப் பல நூலகங்களில் வாசகர் நூலடுக்குகளின் பக்கம் செல்ல இயலாது. சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பணியாளர் உள்ளே சென்று தேடி எடுத்து வருவார். அரங்கநாதனார் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இம்முறையை மாற்றினார். வாசகர் தாமே அடுக்குகளிடையே நடந்து நூலை எடுத்துப் பார்க்கும் திறந்த அடுக்கு முறையைக் கொண்டுவந்தார். அதற்கு உறுதுணையாகத் தெளிவான பகுப்பும், வழிகாட்டும் பலகைகளும், பட்டியலும் அமைத்தார். அடுக்கைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. புதியவர்க்கும் விளங்கும்படி அது இருக்க வேண்டும்.

தமிழர் இல்லங்களிற் பெரும்பாலானவை இன்னும் மூடிய அடுக்குகளே. கணவர் கேட்கிறார், பிள்ளைகள் கேட்கின்றனர், மாமியார் கேட்கிறார். அடுக்களையில் நிற்கும் ஒருத்தி, திரும்பிப் பாராமலே 'இரண்டாம் தட்டில், நீலப் பைக்குப் பின்னால்' என்று விடையிறுக்கிறாள். அவளே பட்டியல், அவளே வழிகாட்டும் பலகை, எடுத்துத் தரும் பணியாளும் அவளே. 'எங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கும்' என்று பெருமைப்படும் குடும்பங்கள் பலவற்றில் அவ்வொழுங்கு அலமாரியில் இல்லை; ஒரு பெண்ணின் நினைவில் இருக்கிறது. அவள் நான்கு நாள் காய்ச்சலில் படுத்தால் அவ்வொழுங்கும் கூடவே படுத்துவிடுகிறது. காய்ச்சலிலும் அவளை எழுப்பிச் 'சர்க்கரை எங்கே?' என்று கேட்கும் இல்லத்தை ஒழுங்கான இல்லம் என்று கூறுவது எவ்வாறு தகும்?

நடுவணரசு 2019 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் அதற்குச் செலவிட்டனர். அவ்வேலையில் ஈடுபட்டோர் பெண்களில் நூற்றுக்கு 81 பேர். ஆண்களில் 26 பேர் மட்டுமே. பிறர் கேட்பதற்கெல்லாம் விடை வைத்திருக்கும் நினைவுச் சுமையை எந்தக் கணக்கெடுப்பாலும் நிமிடங்களில் அளக்க இயலாது.

எனவே நான்காம் விதியை இல்லத்திற்குள் கொணரும்போது யாருடைய நேரம் மிச்சமாகிறது என்று கேட்டே ஆகவேண்டும். தேடுபவரின் நேரம் மிச்சமாவதற்காக வேறொருவரின் நேரம் செலவாகுமானால் அது சிக்கனம் அன்று; சுமை மாற்றமே. டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டுவது சிறு செயல்தான். ஆயினும் அது ஒருவர் தலைக்குள் இருந்த பட்டியலை எல்லார் கண்ணுக்கும் முன் எழுதி வைக்கும் செயல். நூலகத்திற்கும் இல்லத்திற்கும் இங்கு ஒரு வேறுபாடும் உண்டு. திறந்த அடுக்கு நூலகத்தில் வாசகர் நூலை மேசைமேல் விட்டுச் செல்லலாம். உரிய இடத்தில் திரும்ப வைப்பதற்குப் பணியாளர் உளர். இல்லத்தில் அத்தகையோர் இல்லை. ஆதலால் எடுப்பவரே வைப்பவராகவும் இருத்தல் வேண்டும். இதனை ஆறு வயதுப் பிள்ளையும் கற்கலாம். அறுபது வயது ஆடவரும் கற்கலாம்.

வளரும் உயிர்

ஒருநாள் முழுதும் முயன்று வீட்டை ஒழுங்குபடுத்திவிட்டு, மறுமாதம் அது கலைந்தது கண்டு மனம் தளர்வோர் பலர். அவர்க்கு ஆறுதல் தருவது ஐந்தாம் விதி. வளரும் உயிர்க்கு இன்று தைத்த சட்டை நாளை பொருந்தாது. குழந்தை பிறந்தாலும், பிள்ளை வெளியூர் சென்றாலும், முதியவர் ஒருவர் படுக்கையில் விழுந்தாலும் இல்லத்தின் தேவை மாறும்; அடுக்கும் மாற வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் எல்லாரும் கூடிச் சரிபார்ப்பது, ஆண்டுக்கொரு பெருமுயற்சியினும் மேலானது.

இக்காலத்தில் புதியதொரு மூடிய அடுக்கும் தோன்றியிருக்கிறது. அது கைபேசி. வங்கிக் கணக்கு, காப்பீடு, எரிவாயுப் பதிவு, பள்ளிக் கட்டணம் ஆகிய அனைத்தும் ஒருவர் கைபேசியில் ஒரு கடவுச்சொல்லுக்குப் பின்னே அடங்கிவிடுகின்றன. இவ்வடுக்கின் திறவுகோல் பெரும்பாலும் ஆடவர் கையில் இருக்கிறது. அடுக்களையின் இரகசியத்தை மனைவியும், கணக்கின் இரகசியத்தைக் கணவனும் தனித்தனியே காத்துவரும் இல்லத்தில், இருவரில் ஒருவர் திடீரென மறைந்தால் எஞ்சியவர் துயரத்தோடு தேடுதலையும் சுமக்க நேரும். என்னென்ன கணக்குகள் உள்ளன, யார் பெயரில் உள்ளன, வாரிசாகக் குறிக்கப்பட்டவர் யார் என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் அறிந்த இடத்தில் வைத்தல் அன்பின் செயலே ஆகும்.

மிச்சமான நேரம் எதற்கு?

'எல்லாம் வரிசைப்படி இருக்க வேண்டும் என்றால் வீடு அலுவலகம் ஆகிவிடாதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குழந்தை விளையாடும் கூடம் கலைந்தே இருக்கும், இருக்கவும் வேண்டும். ஒழுங்கு மனிதர்க்காகவே; மனிதர் ஒழுங்குக்காக அல்லர். மிச்சப்படுத்திய நேரத்தை மேலும் வேலையால் நிரப்பினாலும் பயனில்லை. நூலகத்தில் வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தியது, அவர் விரைந்து வீடு திரும்புவதற்காக அன்று. அமைதியாக அமர்ந்து படிப்பதற்காக.

அரங்கநாதனார் ஓய்வறியாது உழைத்தவர். தம் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்து, நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் இருக்கை அமைய வழிசெய்தார். அது தம் துணைவியார் சாரதா பெயரையும் சேர்த்துத் தாங்கியது. தம் உழைப்புக்குப் பின்னே நின்றவரை அவர் அவ்வாறு நினைவுகூர்ந்தார். இரண்டாம் விதியை விளக்குமிடத்து, ஆண் பெண் என்னும் வேற்றுமையின்றி யாவர்க்கும் நூல் உரியது என அவர் வாதிட்டதும் நினையத் தக்கது.

இலக்கியக் கூட்டங்கள் பெரும்பாலும் மாலை வேளையில் நடைபெறுகின்றன. அதுவே அடுக்களையில் இரவு உணவுக்கு அடுப்பு மூட்டும் வேளை. வரவேண்டும் என்று விரும்பியும் வர இயலாத பெண்களின் வெற்று இருக்கைகள் எந்த அரங்கிலும் உண்டு. இல்லத்தின் அடுக்குகள் திறக்கப்பட்டு, சுமை பகிரப்பட்டு, நாளொன்றுக்கு அரைமணி நேரம் அவர்க்கு மிச்சமாகுமானால், அந்த அரைமணியில் ஒரு சிறுகதை படிக்கலாம்; ஒரு கவிதை எழுதலாம். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இலக்கிய வட்டத்திற்கு அதனினும் சிறந்த வளர்ச்சி வேறில்லை.

வட்டம் வளர்க! அதன் வாசலில் பெண்டிரும் ஆடவரும் ஒப்பக் கூடுக!