ஊர்ப்பெயரும் தன்பெயரும்



திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே அமைந்த கிண்ணியாவை வெளியூரார் இரண்டு பொருள்களால் அறிவர். ஒன்று எருமைத் தயிர். மற்றொன்று தமிழ்க் கவிதை. ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் இவ்விரண்டும், ஒருவர் தமக்கென ஒரு நற்பெயரை ஈட்டுவதும் அதனைக் காப்பதும் எவ்வாறு என்பதை ஒரே வகையாக உணர்த்துகின்றன.

முதலில் தயிரை எடுத்துக்கொள்க. வாய் கட்டிய சட்டியை வாங்குபவர் உள்ளிருப்பதைச் சுவைத்துப் பார்த்து வாங்குவதில்லை. சென்ற முறை வாங்கியது நன்றாயிருந்தது என்னும் நம்பிக்கையே விலைகொடுக்கச் செய்கின்றது. ஒருவர் ஒரு நாள் பாலில் நீரைக் கலந்துவிட்டால் என்னாகும்? வாங்கியவர் விற்றவரின் பெயரை நினைவில் வைத்திருக்க மாட்டார், "கிண்ணியாத் தயிரும் இப்படியாயிற்றே!" என்றே சொல்வார். ஒருவர் செய்த பிழைக்கு ஊரார் அனைவரும் விலை கொடுக்க நேரும். முன்னர் 'பாதை' எனப்பட்ட மிதவையிலேறி நீரைக் கடந்த ஊர் அது. 2009ஆம் ஆண்டில் பாலம் திறக்கப்பட்டது. பாலத்தின் வழியே சரக்கு விரைந்து செல்லும். அதைக் காட்டிலும் விரைவாக அவப்பெயரும் செல்லும் என்பதை மறத்தலாகாது.

இந்த நம்பிக்கையையே முதலாக வைத்துப் பெருவாணிகம் செய்தவரும் உண்டு. கிளாஸ்கோ நகரில் 1871ஆம் ஆண்டில் சிறு கடை திறந்த தோமஸ் லிப்டன், 1890ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கும் வழக்கம் பரவியிருந்த காலத்தில், அவர் தேயிலையை அளவிட்ட பொட்டலங்களாக்கித் தம் பெயரையே அவற்றின்மேற் பொறித்தார். விளம்பரத்திலும் அவர் வல்லவரே. ஆயினும், விளம்பரம் முதற்பொட்டலத்தை மட்டுமே விற்கும். இரண்டாவதை விற்பது முதலாவதன் சுவையன்றோ?

இனிக் கவிதைக்கு வருவோர், ஈழத்து எழுத்தாளர் பலர் ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு இணைத்துக் கொள்ளும் வழக்கத்தைக் காணலாம். பெரியநீலாவணையிற் பிறந்த சின்னத்துரை, 'நீலாவணன்' என்னும் பெயராலேயே ஈழத்துக் கவிதையில் நிலைபெற்றார். கிண்ணியா ஏ. எம். எம். அலி, கிண்ணியா எஸ். பாயிஸா அலி என ஊரை முன்வைத்து எழுதுவோரும் உளர். ஊரை முன்னே நிறுத்துவது வெறும் அடையாளத்துக்காக அன்று. ஒரே பெயருடையார் பலர் வாழும் நாட்டில், 'இன்ன ஊரிலுள்ள இன்னார்' என்று தம்மை வரையறுத்துக் கொள்வது பொறுப்பேற்பதுமாகும். எழுதியது தாழ்ந்தால் தலைகுனிவது தாம் மட்டுமல்லர் என அறிந்தே அப்பெயரை இடுகின்றனர்.

எழுதத் தொடங்கும் இளைஞன் ஒருவனுக்கு இங்கேதான் சோதனை. கைப்பேசியில் ஒரே நாளிற் பல்லாயிரவர் தன் பெயரை அறியச் செய்தல் இன்று அரிதன்று. அதற்காக, இன்று ஒருவர் நடையிலும் நாளை மற்றொருவர் நடையிலும் எழுதத் தோன்றும். கேட்டவர்க்கெல்லாம் புகழ்மாலை தொடுக்கத் தோன்றும். அவ்வாறு செய்பவனைப் பலர் அறிவர். ஆனால், எதற்காக அவனை நாடவேண்டும் என்பதை ஒருவரும் அறியார். தனக்கு இயல்வது எது, இயலாதது எது எனத் தெளிந்து, இயல்வதைக் காண்பார் இல்லாதபோதும் அதே தரத்திற் செய்து, தவறு நேர்ந்தவிடத்து மறைக்காது திருத்துபவன் மெதுவாகவே அறியப்படுவான். ஆயினும், அவன் பெயரைக் கேட்டதும் அவன் பணி கேட்பவர் நினைவுக்கு வரும்.

பெயரை இடுபவர் பெற்றோர். அதற்குப் பொருளை இடுபவர் அதனைத் தாங்குபவரே. அப்பொருள் ஒரு நாளில் அமைவதன்று. நாள்தோறும் உறையிட்டு, நாள்தோறும் ஒரே பதத்தில் எடுக்கவேண்டிய தயிரைப் போன்றது அது.