அழித்த கடிதம் கிடைத்தது

(பெங்களூர் அல்சூரில், மாலை வகுப்பில் பேசியது)



தபால்காரருக்காக வாசலில் காத்து நின்றவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஊரிலிருந்து வந்த கடிதத்தை அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னவர்களும் இருக்கிறீர்கள். இன்று உங்கள் கடிதத்தை நீங்களே படிக்கிறீர்கள். இது பெரிய காரியம்.

இப்போது இன்னொரு வகைக் கடிதமும் வருகிறது. அதுதான் மின்னஞ்சல். ஈமெயில் என்றும் சொல்வோம். இதற்குத் தபால்தலை வேண்டாம். கம்ப்யூட்டரில் எழுதி அனுப்பினால் சில நொடிகளில் போய்ச் சேரும்.

1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு இப்படிக் கடிதம் அனுப்பிக் காட்டினார். நம் நாட்டில் 1986-இல் எர்நெட் என்ற திட்டம் தொடங்கியது. பெரிய கல்வி நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களை இணைப்பது அதன் வேலை. நம் ஊரில் டாடா இன்ஸ்டிடியூட் என்று சொல்கிறோமே, அந்த இந்திய அறிவியல் கழகமும் அதில் முதலிலேயே சேர்ந்தது. 1995 ஆகஸ்ட் 15 முதல் பொதுமக்களுக்கும் இணைய வசதி கிடைக்கத் தொடங்கியது.

சரி, இப்படி வந்த கடிதம் தொலைந்து போனால் என்ன செய்வது? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் ஒரு சின்னத் தையல் கூடத்தில் கணக்கு எழுதுகிறேன். அங்கே 12 பெண்கள் தைக்கிறார்கள். ஒரு வருடம் 300 பள்ளிச் சீருடை தைக்க ஆர்டர் வந்தது. ஒரு செட்டுக்குத் தையல் கூலி 180 ரூபாய் என்று வியாபாரி மின்னஞ்சலில் எழுதியிருந்தார். தைத்துக் கொடுத்தோம். பணம் வாங்கப் போனபோது, "160 என்றுதானே பேசினோம்?" என்றார்.

செட்டுக்கு 20 ரூபாய் குறைகிறது. 300 செட்டுக்கு 6,000 ரூபாய். 12 பேருக்கும் ஆளுக்கு 500 ரூபாய் நஷ்டம். கடிதத்தைக் காட்டினால் பேச்சு முடிந்துவிடும். ஆனால் கடிதம் எங்கே?

முந்தின நாள்தான் நான் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்திருந்தேன். பழைய கடிதங்களை அழித்தேன். குப்பைப் பெட்டியையும் காலி செய்தேன். அதோடு இந்தக் கடிதமும் போய்விட்டது. வியாபாரியிடம் நகல் கேட்டோம். "கம்ப்யூட்டர் மாற்றிவிட்டேன், என்னிடம் இல்லை" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கம்ப்யூட்டர் தெரிந்த பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "கையை எடுங்க அக்கா. இனி எதையும் தொடாதீங்க."

அவன் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எங்கள் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் புரோகிராம் இருக்கிறது. நமக்கு வரும் கடிதங்களை அது ஒரு பெரிய நோட்டில் எழுதுவது போல ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்து வைக்கும். அந்த நோட்டுக்குத் தனியாக ஒரு பொருளடக்கமும் வைத்திருக்கும். நாம் திரையில் பார்க்கும் பட்டியல் அந்தப் பொருளடக்கம்தான்.

ஒரு கடிதத்தை அழித்தால் என்ன நடக்கிறது? அதன் ஒரு நகல் குப்பைப் பெட்டிக்குப் போகிறது. நோட்டில் அந்தக் கடிதத்தின் மேல் 'இது வேண்டாம்' என்று ஓர் அடையாளம் விழுகிறது. பட்டியலிலிருந்து அது மறைந்துவிடுகிறது. ஆனால் பக்கம் கிழியவில்லை. எழுத்தும் அழியவில்லை. நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பக்கம் எப்போது கிழியும்? இடம் மிச்சம் பிடிக்க அந்தப் புரோகிராம் நோட்டைச் சுருக்கும். வேண்டாத பக்கங்களை அப்போதுதான் நீக்கும். சுருக்கிய பிறகு தேடினால் கிடைப்பது மிகவும் கடினம். அதனால்தான் தம்பி "தொடாதீங்க" என்றான். எங்கள் நல்ல காலம், இன்னும் சுருக்கவில்லை.

அவன் புரோகிராமை மூடினான். கடித நோட்டு முழுவதையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தான். அந்த நகலைத்தான் திறந்தான். மூல நோட்டில் கை வைக்கவில்லை. உள்ளே ஆயிரக்கணக்கான வரிகள் ஓடின. "சீருடை" என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தேடினால் நூறு இடத்தில் வருகிறது. "எந்தத் தேதியில் வந்தது அக்கா?" என்று கேட்டான். எனக்கு ஞாபகம் இல்லை.

அப்போது எங்கள் கட்டிங் அக்கா தன் நோட்டை எடுத்து வந்தார். அவர் 45 வயதில்தான் எழுதப் படிக்கக் கற்றார். அதில் அவர் கையெழுத்தில் இருந்தது: "ஜூன் 6. சீருடை 300. கூலி 180."

ஜூன் 6-க்குப் போனோம். கடிதம் அங்கேயே இருந்தது. அச்செடுத்துக் கொண்டு போனோம். வியாபாரி இரண்டு முறை படித்தார். "நான்தான் மறந்துவிட்டேன்" என்று சொல்லி மீதி 6,000 ரூபாயைக் கொடுத்தார்.

நாம் அழிக்காமலே கடிதங்கள் காணாமல் போவதும் உண்டு. பல நேரம் அங்கே பொருளடக்கம் மட்டும் கெட்டிருக்கும். அதைப் பழுது பார்க்க அந்தப் புரோகிராமிலேயே வழி இருக்கிறது. பழுது பார்த்தால் பட்டியல் திரும்பி வந்துவிடும்.

"கடிதத்தை நம் கம்ப்யூட்டரில் வைப்பதால்தானே இந்தத் தொல்லை? கம்பெனிக்காரர்களிடமே விட்டுவிட்டால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். ஜிமெயில் அப்படிப்பட்டதுதான். அதில் அழித்த கடிதம் குப்பைப் பெட்டியில் 30 நாள் இருக்கும். பிறகு தானே போய்விடும். ஆனால் அங்கேயும் தவறு நடக்கும். 2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் பலருடைய பெட்டி திடீரென்று காலியாகிவிட்டது. பத்தாயிரம் பேரில் இரண்டு பேருக்கு இப்படி ஆனது என்று கூகுள் கம்பெனி சொன்னது. கம்பெனி தனியாக நாடாக்களில் நகல் எடுத்து வைத்திருந்தது. அதிலிருந்துதான் கடிதங்களைத் திருப்பிக் கொடுத்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கும் நகல்தான் கைகொடுத்தது.

ஆகவே சில விஷயங்களை மனதில் வையுங்கள்.

கடிதத்தைக் காணோம் என்றால் பதற வேண்டாம். முதலில் குப்பைப் பெட்டியைப் பாருங்கள். வேண்டாத கடிதங்கள் ஒதுங்கும் பெட்டியையும் பாருங்கள். அனுப்பியவரிடம் நகல் கேளுங்கள். அவருடைய 'அனுப்பியவை' பெட்டியில் இருக்கலாம்.

எங்கும் இல்லை என்றால் மேலும் எதையும் அழிக்காதீர்கள், சுருக்காதீர்கள். தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அவர் நகல் எடுத்த பிறகே தேடட்டும்.

மாதம் ஒரு முறை கடிதங்களைப் பென் டிரைவில் நகல் எடுங்கள். கூலி, வாடகை, பிள்ளைகளின் படிப்பு பற்றிய கடிதங்களை அச்செடுத்தும் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்களிடம் கம்ப்யூட்டர் இல்லாமல் இருக்கலாம். ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். யார் சொன்னார்கள், என்ன சொன்னார்கள், எந்தத் தேதி, எவ்வளவு பணம் என்று நான்கு வார்த்தை எழுதி வையுங்கள். எங்கள் 12 பேரின் கூலியை மீட்கத் தம்பியின் கம்ப்யூட்டர் அறிவு உதவியது. தேடும் இடத்தைக் காட்டியது கட்டிங் அக்காவின் ஒரு வரி எழுத்து.

இன்று வீட்டுக்குப் போனதும் அந்த நோட்டைத் தொடங்குங்கள். முதல் பக்கத்தில் இன்றைய தேதியை எழுதுங்கள்.