மறந்த மொழியும் மறவாத மூளையும்: மாண்ட்ரியல் நரம்பியல் ஆய்வுக் கழகத்தின் பணி



மூளையைப் பற்றிப் பேச மொழியியலாளருக்கு என்ன உரிமை என்று அவையில் சிலர் எண்ணக்கூடும். உரிமை உண்டு. மூளையில் மொழி எங்கே உறைகிறது என்று தேடிய அறுவை மருத்துவர்கள், கத்தியும் மின்முனையும் கையில் இருந்தபோதும், இறுதியில் நம்பியது நோயாளி வாய்திறந்து சொன்ன சொல்லைத்தான். அத்தேடலில் தலையாய இடம்பெற்ற நிறுவனம் ஒன்றை இன்று எடுத்துக்கொள்வோம். கனடாவின் மாண்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நரம்பியல் ஆய்வுக் கழகம் அது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் நிதியுதவியோடு 1934இல் திறக்கப்பெற்றது. நிறுவியவர் வைல்டர் பென்பீல்டு. நோயாளியின் படுக்கையும் ஆய்வாளரின் மேசையும் ஒரே கூரையின்கீழ் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒரே தெருவில் ஒலிக்கும் நகரம் அது. இருமொழியாளர் அங்கே விதிவிலக்கு அல்லர்.

கடும் வலிப்பு நோயாளிகளுக்கு, வலிப்புக்குக் காரணமான மூளைப்பகுதியை அகற்றுவது பென்பீல்டின் மருத்துவம். அகற்றும் பகுதியோடு பேச்சும் போய்விட்டால் என் செய்வது? இந்த அச்சமே ஒரு புதிய முறையை வளர்த்தது. மண்டைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே மூளையைத் திறந்தனர். மூளைத்திசுவுக்கு வலி உணர்வு இல்லை. மெல்லிய மின்னோட்டத்தால் ஓரிடத்தைத் தொடுவர். அதே வேளையில் ஒரு படத்தைக் காட்டிப் பெயர் கேட்பர். பெயர் வந்தால் ஒன்று, தடைப்பட்டால் வேறு. தொட்ட இடங்களில் எண் எழுதிய சிறு தாள்களை வைத்துக் குறித்துக்கொள்வர்.

ஒருவருக்கு வண்ணத்துப்பூச்சியின் படம் காட்டப்பட்டது. மின்முனை பேச்சுப்பகுதியில் இருந்தது. அவர் சொல்ல முயன்றார், சொல் வரவில்லை, எரிச்சலோடு விரலைச் சொடுக்கினார். மின்முனையை எடுத்ததும் பெயரைச் சொல்லிவிட்டார். அதோடு நில்லாமல், அந்தப் பெயர் வராததால் விட்டில்பூச்சி என்னும் பெயரையாவது பிடிக்கப் பார்த்ததாகவும், அதுவும் அகப்படவில்லை என்றும் விளக்கினார். மொழியியல் மாணவர்கள் இதனை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். படத்தில் உள்ள பொருள் இன்னதென்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதன் பொருட்புலத்தில் அடுத்து நிற்கும் சொல்லை நாடவும் முடிந்தது. அடைபட்டது, கருத்திலிருந்து சொல்வடிவத்துக்குச் செல்லும் வழி மட்டுமே. வகுப்பில் எழுந்து நின்று விழிக்கும் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டுமுன், நாம் இந்த நோயாளியைச் சற்றே நினைத்துக்கொள்ளலாம்.

ஜப்பானிய மருத்துவர் வாடா வகுத்த சோதனையும் இக்கழகத்தில் வளர்ந்தது. கழுத்துத் தமனிவழி மருந்து செலுத்தி, மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடம் உறங்கச் செய்து, பேச்சு நிற்கிறதா என்று பார்ப்பது அது. ரஸ்முசனும் பிரெண்டா மில்னரும் 1977இல் வெளியிட்ட கணக்கின்படி, வலக்கையரில் 96 விழுக்காட்டினருக்கும் இடக்கையரில் 70 விழுக்காட்டினருக்கும் பேச்சு இடப்பக்க மூளையைச் சார்ந்திருந்தது. (இடக்கையால் எழுதிய பிள்ளையை அடித்துத் திருத்திய தலைமுறை இந்தக் கணக்கைப் பார்த்திருக்கலாம்.)

இனி, ஆசிரியர்களை நேரே தொடும் செய்திக்கு வருவோம். பென்பீல்டும் ராபர்ட்ஸும் 1959இல் வெளியிட்ட நூலின் இறுதிப்பகுதி மொழி கற்றலைப் பற்றியது. ஒன்பது வயதுக்குப்பின் மொழி கற்பதற்கு மூளை மெல்ல மெல்ல இறுகிவிடுகிறது என்று பென்பீல்டு அதில் வாதிட்டார். தம் பிள்ளைகளுக்கு ஜெர்மனும் பிரெஞ்சும் இளமையிலேயே கற்பித்ததையும் எடுத்துக்காட்டினார். இளமையில் இன்னொரு மொழி தருக என்பதே அவர் நோக்கம். அந்த நோக்கம் நல்லது. ஆயின் அதற்கு அவர் காட்டிய முதன்மைச் சான்று என்ன? இடப்பக்க மூளை பழுதுற்ற சிறுவர் பேச்சை மீளப் பெறுகின்றனர். பெரியவர்க்கு அது அரிதாகிறது என்பதே. பழுதுற்ற மூளை மீள்வதற்கான எல்லையை, நலமுள்ள பிள்ளை கற்பதற்கான எல்லையாக அப்படியே கொள்ள இயலாது. எனினும் அந்த ‘ஒன்பது வயது’ மருத்துவமனையைவிட்டு வெளியேறிக் கல்விக்கூடத்தில் குடியேறிவிட்டது. வீட்டில் தமிழ் நின்றுபோன பிள்ளை நம் வகுப்புக்கு வரும்போது, ‘வயது கடந்துவிட்டது’ என்று பெற்றோரும் சொல்கின்றனர். சில வேளை நாமும் சொல்கின்றோம்.

இதே கழகத்திலிருந்து 2014இல் வந்த ஓர் ஆய்வு, இந்தப் பேச்சை மறுபடி எண்ணிப் பார்க்கச் செய்கிறது. டெனிஸ் கிளைனும் அவர்தம் குழுவினரும் மாண்ட்ரியல் பகுதியில் 9 முதல் 17 வயது வரையுள்ள 48 சிறுமியரை ஆராய்ந்தனர். ஒரு குழுவினர் பிரெஞ்சு மட்டுமே அறிந்தவர். இன்னொரு குழுவினர் சீனமும் பிரெஞ்சும் பேசுபவர். மூன்றாம் குழுவினர் சீனாவில் பிறந்து, மூன்று வயது நிரம்புமுன் பிரெஞ்சுக் குடும்பங்களால் தத்தெடுக்கப்பட்டவர். அதன்பின் சீனம் கேளாதவர். ஒரு சொல்லும் நினைவில் இல்லாதவர். சீனத்தில் குரலின் ஏற்றஇறக்கமாகிய தொனி மாறினால் சொற்பொருளே மாறும். தொனி அமைந்த, பொருளற்ற ஒலித்தொடர்களைக் கேட்கச் செய்து, செயல்சார் எம்.ஆர்.ஐ. கருவியால் மூளையின் இயக்கத்தைப் பதிவு செய்தனர். பிரெஞ்சு மட்டும் அறிந்தவர்க்கு வலப்பக்கம் இயங்கியது; தொனி அவர்களுக்கு வெறும் ஓசை. சீனம் பேசுபவர்க்கு இடப்பக்க மொழிப்பகுதி இயங்கியது. மொழியை முற்றும் மறந்த மூன்றாம் குழுவினர்க்கும் அதே இடப்பக்கமே இயங்கியது. சீனத்தை அவர்கள் கேட்டுச் சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

இதனை மிகைப்படுத்துதல் ஆகாது. சுவடு இருப்பது வேறு, மொழி தெரிவது வேறு. அச்சிறுமியரால் சீனத்தில் ஒரு வாக்கியமும் பேச இயலாது. சீனத் தொனியைப் பற்றிய முடிவைத் தமிழின் குறில் நெடிலுக்கோ லகர ளகர ழகரத்துக்கோ அப்படியே பொருத்துவதும் முறையன்று. ஆனால் ‘எல்லாம் அழிந்துவிட்டது’ என்று இனி உறுதியாகச் சொல்ல முடியாது.

அடுத்த ஆண்டு அதே குழுவினர், பிரெஞ்சு ஒலிகளைக் கொண்ட நினைவுச் சோதனை ஒன்றை நடத்தினர். மூன்று குழுவினரும் ஒரே அளவு திறமையோடு விடையளித்தனர். ஆயினும் தத்தெடுக்கப்பட்டோரின் மூளை, பிரெஞ்சு மட்டும் அறிந்தோர் பயன்படுத்தாத பகுதிகளையும் சேர்த்தே இயக்கியது. அவ்வகையில் இருமொழியாளரை ஒத்திருந்தது. மதிப்பெண் ஒன்றாயிருக்க, அதற்குச் சென்ற வழி வேறாயிருந்தது. தேர்வுத்தாளை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் இது எவர் கண்ணுக்கும் பட்டிராது.

ஆதலின் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய மாணவர் சேரும்போது ‘வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்’ என்று கேட்கிறோம். ‘ஆங்கிலம்’ என்று விடை வந்ததும் படிவத்தை மூடிவிடுகிறோம். இன்னொரு வினாவையும் சேர்த்துக்கொள்வோம்: முதல் மூன்று ஆண்டுகள் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர் யார், அவர் என்ன மொழியில் பேசினார்? பாட்டி தமிழில் தாலாட்டிய பிள்ளையா, தமிழே கேளாத பிள்ளையா என்பதை அறிந்தபின் பாடத்தை எங்கே தொடங்குவது என்று முடிவு செய்யலாம்.