காயத்தை எழுத்தில் வையுங்கள்



முகாமில் ஒரு கூடாரத்தில் சண்டை என்றால் பத்துக் கூடாரத்துக்குக் கேட்கும். ஊருக்கு வந்த பிறகு அப்படியில்லை. வளவுக்கு வளவு தூரம். அயல் வீடுகளில் பல இன்னும் வெறுமையாகக் கிடக்கின்றன. பிரிந்து போன கணவர் திரும்பி வந்து அடித்தால் ஓடிவர ஆளில்லை. அதனால்தான் இன்று இதைப் பற்றிக் கதைக்கிறோம்.

"இடம்பெயர்ந்தபோது எல்லாப் பத்திரமும் போய்விட்டது. வழக்குப் போடலாமா?" என்று கேட்கிறீர்கள். போடலாம். விவாகப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து எடுக்கலாம். ஆனால் காயத்துக்குப் பிரதி இல்லை. அது ஆறிவிடும். ஆகவே அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். யார் அடித்தது, எதனால் அடித்தது என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். "வழுக்கி விழுந்தேன்" என்றால் அதுதான் எழுதப்படும். பிறகு மாற்றுவது கடினம். பொலிசில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தைக் குறித்து வையுங்கள். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பதற்கான படிவத்தையும் அங்கே கேளுங்கள்.

அடுத்தது நீதிமன்றம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், நீங்கள் இப்போது வசிக்கும் இடத்து நீதவான் நீதிமன்றத்திலேயே பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பிரிந்து வாழ்ந்தாலும், விவாகரத்து ஆகியிருந்தாலும் கேட்கலாம். உங்களுக்காகப் பொலிசாரும் விண்ணப்பிக்கலாம். அவர் உங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது என்று நீதவான் கட்டளையிடலாம். அந்தக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். அதை மீறுவது குற்றம்.

பாதுகாப்புக் கட்டளை வேறு, நட்டஈடு வேறு. அடித்ததற்காகக் குற்றவியல் வழக்கு நடந்து அவர் குற்றவாளியானால், உங்களுக்கு நட்டஈடு கொடுக்கும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். சிவில் வழக்காக நட்டஈடு கேட்பதென்றால் காயப்பட்ட நாளிலிருந்து 2 வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கணவன் மனைவிக்கிடையில் இந்த வழக்கில் சிக்கல்கள் உண்டு. யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் முதலில் சட்டத்தரணியிடம் கேட்பது அவசியம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவும். பிள்ளைகளின் செலவுக்குத் தாபரிப்பு வழக்கையும் தனியாகப் போடலாம்.

அவசரத்துக்குப் பொலிஸ் 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

ஆஸ்பத்திரித் துண்டு, முறைப்பாட்டு இலக்கம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, நம்பிக்கையான ஒருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். மீண்டும் ஓடவேண்டி வந்தாலும் அது பத்திரமாக இருக்கும்.

கூட்டம் முடிந்ததும் எங்கள் பெண் உத்தியோகத்தர் இங்கேயே இருப்பார். எல்லோர் முன்னும் கேட்க விருப்பமில்லாதவர்கள் அவரிடம் தனியாகக் கதையுங்கள்.